கல்லூரி உள்ளரங்கம்: பந்துக்கா, பந்திக்கா?

கேள்வி இது: பாளையங்கோட்டையை ஒட்டி ஒரு கல்லூரி. முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டிக் கூடைப்பந்துக்கு உள்ளரங்கம் கட்டித் தர முன்வந்திருக்கிறார்கள். பட்டமளிப்பு, செமஸ்டர் தேர்வு, கலைவிழா, வேலைவாய்ப்பு முகாம் எல்லாவற்றுக்கும் அதே கட்டடம் உதவ வேண்டும் என்கிறது நிர்வாகம். பி.டி. சாரோ மேப்பிள் மரத்தரைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எதைக் கேட்பது, எதை விடுவது?

நான் கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்துக் கல்லூரிப் போட்டிகளில் விசிலும் ஊதியிருக்கிறேன். அதனால் என் பேச்சு ஆட்டக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பக்கமும் சுவர் எழுப்பி, ஏ.சி. போட்டு, மரத்தரை பதித்த அரங்கம் நம் ஊருக்கு வேண்டாம். உயரமான கூரை, பக்கவாட்டில் காற்றுப் போக வழி, நல்ல செயற்கைத் தரை, ஓரங்களில் கூடுதலாகப் பந்து போடும் ரிங் நான்கு. இவ்வளவு போதும். மற்ற உபயோகங்களை நீங்கள் வேண்டாம் என்றாலும் அவை வந்தே தீரும். ஆகவே எந்த நேரம் யாருக்கு, சாவி யாரிடம் என்பதை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இந்த ஆட்டம் பிறந்ததே கூரைக்கு அடியில்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக இதை உண்டாக்கினார். பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடியின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் ரிங்கின் உயரம் அதே பத்தடிதான், 3.05 மீட்டர். திறந்தவெளியில் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கும் உலகறிந்த சாட்சி உண்டு. ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்ற 1936 பெர்லின் போட்டியை மண் தரையில் நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தன்று மழை. சேற்றில் பந்தைத் தட்டிக்கொண்டு போக வழியில்லாமல், அமெரிக்கா 19, கனடா 8 என்று முடிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பிள்ளைகள் சிமெண்ட் கோர்ட்டில் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடுவதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் மிஷன் பள்ளி, கல்லூரி வழியாக வந்தது. 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் மாநிலமெங்கும் பரவினார்கள். பாளையங்கோட்டையிலோ தூய யோவான், தூய சவேரியார், சாரா தக்கர் என்று கூப்பிடு தூரத்தில் கல்லூரிகள். சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு வாலிபாலும் கபடியும், கோவில்பட்டிக்கு ஹாக்கி, பாளையங்கோட்டைக்குக் கூடைப்பந்து என்று ஒரு பாகப்பிரிவினையே நடந்தது போல இருக்கும்.

நம் வானிலை எப்படி? மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கல்லூரி அணிகள் மும்முரமாகப் பயிற்சி எடுக்க வேண்டிய நேரமும் அதுதான். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மலைக் கணவாய்கள் வழியாக இறங்கும் மேல்காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிந்த பந்து எம்மாத்திரம்? ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, நமக்கு அவசியமானது தலைக்கு மேல் கூரையும் மேற்குப் பக்கத்தில் காற்றை உடைக்கும் ஒரு சுவரும். மற்ற மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வரை சுவர், அதற்கு மேலே கம்பி வலை, சாரல் உள்ளே வராதபடி நீண்ட இறவாரம். வலையை மறந்துவிடாதீர்கள். கூரையைத் தாங்கும் திறந்த இரும்புச் சட்டத்தில், அதாவது டிரஸ்ஸில், புறா கூடு கட்டினால் தினமும் காலையில் பயிற்சிக்கு முன் எச்சம் துடைப்பதே ஒரு வேலையாகிவிடும். அதில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும்.

அளவைப் பற்றி. கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் தடையில்லாத இடம் விதிப்படியே வேண்டும். அதுவே 32-க்கு 19 ஆகிவிட்டது. பிறகு மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்ச், ஸ்கோர் மேசை, நடைபாதை, ஒரு பக்கமாவது கேலரி. 36-க்கு 26 மீட்டருக்குக் குறைவாக யாராவது வரைபடம் கொண்டுவந்தால் எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

உயரத்தில்தான் ஏமாறுவோம். கோர்ட்டுக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்பது விதி. ஒப்பந்தக்காரர் சொல்லும் உயரம் கூரை முகட்டின் உயரமாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது டிரஸ்ஸின் அடிக்கம்பி, தொங்கும் விளக்கு, மின்விசிறி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்பதை. நான் 9 மீட்டர் கேட்பேன். வாலிபாலுக்கும் 7 மீட்டர் கணக்குத்தான், பேட்மிண்டன்காரர்களுக்கு 9-க்குக் குறைந்தால் பிடிக்காது. இடம் எப்படியும் பொருந்தும்: 18-க்கு 9 வாலிபால் கோர்ட் நடுவில் உட்காரும்; குறுக்காகப் போட்டால் மூன்று பேட்மிண்டன் கோர்ட் வரும்; ஆண்கள் கபடி விரிப்பு 13-க்கு 10-தான். ஆனால் பக்கம் திறந்த கூரையில் இறகுப்பந்து காற்றுக்கு ஆடும். பேட்மிண்டன்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. வாலிபால் கம்பம் நட வேண்டிய குழிகளைத் தரை போடும்போதே மூடியோடு அமைத்துவிடுங்கள். பிறகு துளை போட்டால் தரை அங்கிருந்தே உரியத் தொடங்கும்.

இனி தரை. பி.டி. சாரின் ஆசை எனக்குப் புரிகிறது. நல்ல மேப்பிள் தரையில் ஆடியவருக்கு வேறு எதுவும் ஒட்டாது. மரப்பலகைக்கு அடியில் சட்டம், சட்டத்துக்கு அடியில் ரப்பர் திண்டு. குதித்து இறங்கும்போது தரை மிக லேசாக அமுங்கி முழங்காலைக் காப்பாற்றும், பந்தும் சோர்ந்துவிடாது. ஐரோப்பியத் தர விதி ஒன்று, கான்கிரீட்டில் பந்து எவ்வளவு எழும்புமோ அதில் 90 சதவீதமாவது விளையாட்டுத் தரையில் எழும்ப வேண்டும் என்கிறது. மேப்பிள் அதை எளிதாகத் தாண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த மரத்துக்குக் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 35-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார்த்திகையில் ஈரம் குடித்துப் பலகையின் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். சித்திரையில் காய்ந்து இடைவெளி விடும். அதைத் தடுக்க இரவும் பகலும் ஏ.சி. ஓட வேண்டும். விடுமுறையில் ஆளில்லாத அரங்கத்துக்கு ஏ.சி. ஓடவிட்டு மின்கட்டணம் கட்டும் கல்லூரியை நான் இன்னும் பார்க்கவில்லை. கரையான் வேறு இருக்கிறது.

மரத்தரை கெட்டதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கலாம். ஆட்டத்துக்கு முன் நடுவர் பந்தைத் தட்டிக்கொண்டே கோர்ட்டைக் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். டங், டங் என்று ஒரே சீராக வரும் சத்தம் ஓரிடத்தில் தொப் என்று அமுங்கும், பந்து இடுப்புக்கு வராமல் தொடையோடு நிற்கும். ஆட்டக்காரர்கள் அதை டெட் ஸ்பாட் என்பார்கள். அடியில் சட்டம் விலகியிருக்கும், அல்லது ரப்பர் நசுங்கியிருக்கும். உள்ளூர் அணிக்கு அந்த இடம் மனப்பாடம்; பந்தைத் தட்டிக்கொண்டு வரும் வெளியூர் ஆட்டக்காரரை அங்கே ஓட்டிப் போய்ப் பந்தைப் பறிப்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் தரைக்குப் பெருமை இல்லை.

ஆகவே என் யோசனை: பக்கம் திறந்த கூரையானால் கான்கிரீட்டின் மேல் மெத்தைத்தன்மையுள்ள அக்ரிலிக் பூச்சு. சுவர் அதிகமாக வைத்து மழை நுழையாதபடி கட்டினால் ரப்பர் அடுக்கின் மேல் பாலியூரிதேன் என்ற செயற்கைப் பூச்சு. எதைப் போட்டாலும் கான்கிரீட்டுக்கு அடியில் ஈரம் ஏறாதபடி தடித்த பாலித்தீன் விரிப்பு இருக்க வேண்டும். கான்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகே மேற்பூச்சு. திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டார்கள் என்று அவசரப்பட்டால் அடுத்த மழைக்கே கொப்புளம் கிளம்பும்.

அடுத்தது உபயோகம். வெளிநாட்டு வளாகங்களைக் காட்டி நிர்வாகம் பேசினால் தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள், அது உண்மைதான். அமெரிக்கப் பல்கலைக்கழக அரங்குகள் பந்துக்கு மட்டும் இருந்ததே இல்லை. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அஹெர்ன் அரங்கில் 1968 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோல் அரங்கில் 1972-இல் சீன மேசைப்பந்து அணி வந்து ஆடியது. நியூ மெக்சிகோவில் 'தி பிட்' என்ற அரங்கம் இன்னும் வேடிக்கை: முதலில் கூரையைப் போட்டுவிட்டு, அதற்கு அடியில் பள்ளம் தோண்டி 1966-இல் கட்டி முடித்தார்கள். அத்தனை தூரம் போவானேன், சென்னை நேரு உள்விளையாட்டரங்கம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா அங்கேதான் நடந்தது. அரசு விழா, சினிமா விழா என்று அது காணாத மேடை இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடியும். பட்டமளிப்பு மே மாதம். நாட்காட்டியிலேயே இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. நமக்கு நவம்பரில் செமஸ்டர் தேர்வு, அதே நவம்பரில் அடைமழை. கூரை தேவைப்படும் மாதத்தில்தான் அந்தக் கூரையின் கீழே மேசை நாற்காலி போட்டிருப்பார்கள்! உள்ளரங்கம் கட்டிய பிறகும் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு வெளியே நிற்பார்கள் என்றால் எதற்கு இத்தனை செலவு? தேர்வுக் கூடம் என்ற ஒன்றை மட்டும் ஒப்பந்தத்திலேயே நீக்கிவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம்.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. பெரிய கூரையும் ஒரே வாசலும் உள்ள கட்டடம் என்றால் தேர்தல் நேரத்தில் அதிகாரிகள் கண்ணில் படும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. எண்ணிக்கை ஜூன் 4. இடையில் 46 நாள். வாக்குப்பதிவு இயந்திரங்கள் உள்ளே இருந்தால் காவலுக்கு நிற்கும் போலீஸைத் தவிர ஒரு குருவி உள்ளே போக முடியாது. அரசு கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வளாகத்தில் அதற்கு வேறு கட்டடம் இருக்கிறது என்று காட்டும்படி திட்டமிடலாம்.

ஒரு உபயோகத்தை மட்டும் நான் மனதாரச் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும்தான் முகாம்களாயின. மேட்டில், உயர்ந்த அடித்தளத்தோடு, கழிப்பறை, மேல்நிலைத் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்துக் கட்டிய அரங்கம் அப்படி ஒரு நாளில் சில நூறு பேருக்குப் புகலிடம் ஆகும். தரை போனால் போகட்டும், பிறகு பூசிக்கொள்ளலாம். வளாகத்துக்குள் குளத்து மறுகால் ஓடும் பாதை எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு இடம் குறியுங்கள். வரைபடத்தில் காலி மனையாகத் தெரிவது பல நேரம் தண்ணீர் போகும் வழியாக இருக்கும்.

இப்போது பந்தி. ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், முன்னாள் மாணவர் சந்திப்பன்று மதியச் சாப்பாட்டை அரங்கத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மேலே ஷீட், உள்ளே மின்விசிறி, வெளியே வெயில். யாருக்குத்தான் மனசு வராது? நான்கு வரிசை மேசை. தரைக்கு மேலே விரித்தது வெறும் பச்சைப் பாய். சாம்பார் வாளி வைத்த இடமெல்லாம் வட்ட வட்டமாக மஞ்சள், அப்பளத்து எண்ணெய் பாயைத் தாண்டி ஊறியது. அதைவிட மோசம் இரும்பு நாற்காலி. காலில் இருக்க வேண்டிய ரப்பர் குப்பி பாதி நாற்காலிகளில் இல்லை. ஒவ்வொருவரும் எழும்போது பின்னால் தள்ள, ஃப்ரீ த்ரோ கோட்டின் மேல் பிறை பிறையாகக் கீறல். மறுநாள் பயிற்சிக்கு வந்த பெண்கள் அணியில் ஒரு பிள்ளை அந்த எண்ணெய்த் தடத்தில் ஷூவைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார், நேத்து நம்ம கோர்ட்ல கல்யாணமா?" என்றது.

இதற்குத் தீர்வு எளிது, செலவும் பெரிதில்லை. அரங்கத்தை ஒட்டி ஒரு நீண்ட தாழ்வாரம் இறக்குங்கள், சாப்பாடு அங்கே. கோர்ட்டின் மேல் விழா என்றால் தடித்த வினைல் விரிப்புச் சுருள்கள், அவற்றைச் சுருட்டி வைக்க ஒரு அறை. நாற்காலி பிளாஸ்டிக் மட்டும். விரிப்பு இல்லாமல் மேடைச் சாமான் ஏறக்கூடாது. ரிங் மாட்டிய போர்டுகளைச் சக்கரம் வைத்து நகர்த்தும் வகையில் வாங்கினால் மேடை போடும் பக்கத்தில் ஒன்றைத் தள்ளி வைக்கலாம். ஆனால் அதன் எடை ஒரு டன்னைக்கூடத் தொடும், நகர்த்தத் தெரிந்த இரண்டு பேர் கூடவே இருக்க வேண்டும்.

ரிங் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது இதுதான். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் இரண்டு ரிங்கில் ஒவ்வொன்றுக்கும் இருபது பேர் வரிசை. ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை எத்தனை முறை பந்தை எறியும்? கேலரிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை வெட்டி, நீளவாட்டுப் பக்கங்களில் பக்கத்துக்கு இரண்டாக, மடக்கிக்கொள்ளும் ரிங்குகள் மாட்டுங்கள். ஆறு ரிங் ஆகிவிடும். குறுக்காக இரண்டு சிறிய கோர்ட் கிடைக்கும். ஒரே நேரத்தில் ஆண்கள் அணி ஒரு பக்கம், பெண்கள் அணி மறுபக்கம் பயிற்சி எடுக்கலாம். அணியில் இல்லாத, சும்மா ஆட வருகிற பிள்ளைக்கும் ஒரு ரிங் மிஞ்சும்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளி கோர்ட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விடுதிப் பிள்ளைகளை விட மாட்டார்கள். கூரை, விளக்கு, பூட்டுள்ள உடைமாற்றும் அறை, கழிப்பறை இருந்தால் எட்டு மணி வரை ஆட வார்டன் ஒத்துக்கொள்வார். இந்தக் கட்டடத்தால் உடனடியாக யார் வாழ்க்கை மாறும் என்று கேட்டால் இவர்களைத்தான் சொல்வேன். விளக்கு வெளிச்சத்தைப் பயிற்சிக்கு 200 லக்ஸ், போட்டிக்கு 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்ச அளவு) என்று இரண்டு சுவிட்சாகப் பிரித்துவிடுங்கள். கட்டணத்தைக் காட்டிச் சீக்கிரம் அணைக்கச் சொல்ல மாட்டார்கள். போர்டுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஜன்னல் வேண்டாம், கண் கூசும்.

கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் மழையில் விசில் சத்தம் கேட்காது, வெயிலில் நிற்க முடியாது. நடுவில் காப்பு வைத்த ஷீட் வாங்குங்கள். பட்டமளிப்பில் மைக் எதிரொலிப்பதும் அதனால் கொஞ்சம் குறையும்.

கேலரி ஐந்நூறு, அறுநூறு பேருக்குப் போதும். அமெரிக்காவில் பேர்போன டியூக் பல்கலைக்கழக அரங்கமே பத்தாயிரத்துக்கும் குறைவான இருக்கைதான். நெருக்கி உட்காருவதால்தான் அங்கே அவ்வளவு ஆரவாரம். இந்தப் பக்கம் பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு இரவில் மின்னொளியில் திரளும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், ஆட்டம் நன்றாக இருந்தால் ஜனம் தானாக வரும்.

எழுதி வாங்க வேண்டியவை: காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நாலரையிலிருந்து எட்டு, இவை ஆட்டத்துக்கு. விழாக்களுக்கு ஆண்டுக்கு இத்தனை நாள் என்று ஒரு உச்சவரம்பு. வெளியாருக்கு விட்டால் முன்பணம். அந்த வாடகை கல்லூரிப் பொதுக்கணக்கில் கரையாமல் தரைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் சேர வேண்டும். மேற்பூச்சும் கோடும் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை. அப்புறம் சாவி. அது அலுவலக மேலாளர் அறை ஆணியில் தொங்கினால் கட்டடம் சீக்கிரமே விழா மண்டபம்தான். உடற்கல்வித் துறையில் ஒன்று, காவலாளியிடம் ஒன்று, அவ்வளவே. விழா நடத்துபவர் துறையில் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். திருப்பித் தரும்போது பி.டி. சார் தரையைப் பார்த்த பிறகே முன்பணம் திரும்பும்.

கடைசியாக, பழைய சிமெண்ட் கோர்ட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அரங்கம் விழாவுக்குப் போகும் நாட்களில் அணிக்கு அதுதான் கதி. அணிக்கு மூன்று பேர் ஆடும் மூன்றுக்கு மூன்று ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க ஆட்டமாகிவிட்டது. அதற்கு ஒரு ரிங்கும் 15-க்கு 11 மீட்டரும் போதும், ஆட்டம் பத்தே நிமிடம். பழைய கோர்ட்டின் இரண்டு பாதியும் இரண்டு களமாகும். விரிசலை அடைத்து, துருப்பிடித்த ரிங்கை மாற்றி, கோடு போட்டுக் கொடுத்தால், சாயங்காலம் பக்கத்துப் பள்ளிப் பையன்களும் வருவார்கள். வாசல் கேட்டை ஏழு மணி வரை திறந்து வைக்கக் காவலாளிக்குச் சொல்லிவிடுங்கள்.